தச்சர் அறை வாசலில் ஒரு சின்ன நாய்

1981-ம் ஆண்டு. இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு வெளியே, கலங்கலான கடலடியில் முக்குளிப்பவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பு மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற போர்க்கப்பலில் இருந்த பொருட்களைச் சேற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பதுதான் வேலை. பீரங்கி, வில், அம்பு, செருப்பு, சீப்பு, சாப்பாட்டுத் தட்டு என்று எல்லாம் வந்துகொண்டிருந்தன. கப்பல் தச்சரின் அறையை நெருங்கியபோது, அதன் தள்ளுகதவுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன எலும்புகள் தென்பட்டன. மனித எலும்புகள் இல்லை. ஒரு நாய்!

தலை முதல் வால் வரை கிட்டத்தட்ட எல்லா எலும்புகளும் அப்படியே இருந்தன. ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும். மனிதர்களின் முழங்கால் உயரம்கூட இல்லாத டெரியர் வகை நாய். கப்பலில் அறைக்கோ தளத்துக்கோ நுழையும் திறப்பை 'ஹேட்ச்' என்பார்கள். கதவோரம் கிடைத்த அந்த நாய்க்கும் அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

படகில் நாயோடு வாழ்கிறவர்கள் இன்று உலகில் ஏராளம். இங்கிலாந்தின் கால்வாய்களில் போகும் ஒடுக்கமான வீட்டுப் படகுகளின் கூரையில், முன்னங்கால்களை நீட்டி ஒரு சின்ன டெரியர் உட்கார்ந்திருப்பது அங்கே பழகிப்போன காட்சி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாயைப் படகில் ஏற்றுகிறவர், அதோடு சேர்த்து வேறொன்றையும் ஏற்றுக்கொள்கிறார். அது என்ன என்பதை இந்த ஹேட்ச்சின் கதை சொல்லும்.

எலி பிடிக்க வந்த மாலுமி

எட்டாம் ஹென்றி மன்னர் பட்டத்துக்கு வந்த புதிதில் கட்டச் சொன்ன கப்பல் மேரி ரோஸ். 1511-ல் நீரில் இறங்கியது. 34 ஆண்டுகள் உழைத்தது. அதில் சுமார் 500 பேர் இருந்தார்கள். இத்தனை பேருக்கும் வேண்டிய மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, மீன், காய்ந்த ரொட்டி எல்லாம் பீப்பாய்களிலும் மூட்டைகளிலும் அடித்தளத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். சாப்பாடு இருக்கும் இடத்துக்கு எலி வராமல் இருக்குமா?

கப்பலில் எலி என்பது வீட்டில் எலி மாதிரி அல்ல. வீட்டில் அரிசி மூட்டையைக் கடித்தால் கடையில் போய் வாங்கிக்கொள்ளலாம். நடுக்கடலில் கடை ஏது? ரொட்டியைத் தின்னும், பாய்த்துணியைக் கடிக்கும், கயிற்றை அறுக்கும். மிச்சம் வைப்பதையும் அசுத்தப்படுத்தும். அதனால்தான் பல கப்பல்களில் பூனை இருந்தது. சிலவற்றில் நாய் இருந்தது. நாய் என்றால் எந்த நாயும் அல்ல. பீப்பாய்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் உடம்பை நுழைத்துப் போகிற சின்ன நாய்.

'டெரியர்' என்ற பெயரிலேயே அந்த வேலை இருக்கிறது. 'டெர்ரா' என்றால் லத்தீன் மொழியில் மண். மண்ணுக்குள் இருக்கும் வளையில் புகுந்து நரியையும் எலியையும் விரட்டுவதற்காகவே வளர்க்கப்பட்ட நாய்கள் இவை. உருவம் சின்னது, துணிச்சல் பெரியது. இருட்டுக்கும் இடுக்குக்கும் பயப்படாது. ஒன்றைத் துரத்த ஆரம்பித்தால் பாதியில் விடாது. வளைக்குள் போவதற்குத் தேவைப்பட்ட இந்தக் குணங்கள்தான் கப்பலின் அடித்தளத்துக்கும் தேவைப்பட்டன.

மேரி ரோஸில் எலிகளின் எலும்புகள் கொஞ்சமாகத்தான் கிடைத்தன, அவையும் அரைகுறையாக. ஹேட்ச் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறது என்று அருங்காட்சியகத்தினர் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

பல ஆண்டுகள் ஹேட்ச்சைப் பெண் நாய் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். பின்னர் நடந்த மரபணுச் சோதனையில் அது ஆண் என்று தெரிந்தது. பழுப்பு நிற முடி. இன்றைய நாய்களில் ஜாக் ரஸ்ஸல் டெரியருக்கு நெருங்கிய உறவு. அந்த இனத்துக்குப் பெயர் கொடுத்த பாதிரியார் ஜான் ரஸ்ஸல் பிறந்தது 1795-ல்தான். அதற்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சின்ன நாய் கப்பல் ஏறிவிட்டது!

அந்த ஜூலை மாதம்

1545 ஜூலை 19. போர்ட்ஸ்மவுத்தைத் தாக்க பிரெஞ்சுக் கடற்படை வந்து நின்றது. மேரி ரோஸ் அதை எதிர்த்துக் கிளம்பியது. கரையில் இருந்த கோட்டையிலிருந்து மன்னரே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் திரும்பும் நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பீரங்கி சுடுவதற்காகத் திறந்து வைத்திருந்த ஜன்னல்கள் வழியாகக் கடல் உள்ளே பாய்ந்தது என்பதுதான் பெரும்பாலானவர்கள் ஏற்கும் விளக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் மூழ்கிவிட்டது.

எதிரிகள் தாவி ஏறாமல் இருக்க மேல்தளத்தின் மீது வலை கட்டியிருந்தார்கள். காப்பாற்றக் கட்டிய வலையே அன்று பொறியானது. 500 பேரில் பிழைத்தவர்கள் 35 பேருக்கும் குறைவு.

ஹேட்ச் இருந்தது தச்சர் அறையின் வாசலில். அந்த அறைக்குள் உளி, இழைப்புளி என்று தச்சு வேலைக்கான கருவிகள் இருந்தன. சொக்கட்டான் போல, காய் நகர்த்தி விளையாடும் ஓர் அழகான பலகையும் அங்கேதான் கிடைத்தது. வேலையும், வேலை முடிந்தபின் கொஞ்சம் விளையாட்டும் நடந்த அறை. 500 பேர் நெருக்கியடித்துக் கிடந்த கப்பலில் ஒரு நாய்க்கு அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

அதன் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அது தன் குட்டி ஆயுளில் பெரும்பகுதியைக் கப்பலின் நெருக்கத்திலேயே கழித்திருக்க வேண்டும் என்கிறார்கள். துறைமுக மேடையில் கொஞ்ச தூரம் நடந்ததுதான் அதிகபட்ச உலாவாக இருந்திருக்கும்.

மன்னர் போருக்கு ஆணையிட்டார். மாலுமிகளுக்குச் சம்பளம் இருந்தது, ஆபத்து இன்னதென்று ஓரளவாவது தெரியும். நாய்க்கு எதுவும் தெரியாது. யாரோ தூக்கிக்கொண்டு ஏறினார்கள், அதுவும் ஏறியது. படகில் போகும் ஒவ்வொரு நாயின் கதையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பயணத்தை முடிவு செய்வது நாய் அல்ல.

இல்லாத நாய், எல்லோருக்கும் தெரிந்த நாய்

காலம் மாறியது. எலி பிடிக்க ஏறிய டெரியர், கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்காரன் என்ற நிலையிலிருந்து கூட்டாளி என்ற நிலைக்கு வந்தது. இதற்கு நல்ல சாட்சி ஒரு கற்பனை நாய்.

ஆங்கில எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் 1889-ல் 'படகில் மூவர்' என்று பொருள்படும் நகைச்சுவை நாவலை எழுதினார். மூன்று நண்பர்கள் தேம்ஸ் நதியில் படகு வலித்துக்கொண்டு போகிறார்கள். கூடவே மோன்ட்மரன்சி என்ற ஃபாக்ஸ் டெரியர். நண்பர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு ஒரு குழம்பு வைக்கும்போது, நாயும் தன் பங்குக்கு ஓர் எலியைக் கவ்விக்கொண்டு வந்து நிற்கும். எலி வேட்டைக்காரனின் பரம்பரை அல்லவா!

கதையில் வரும் மற்ற இரண்டு நண்பர்களும் ஜெரோமின் நிஜ நண்பர்களை வைத்து எழுதப்பட்டவர்கள். நாய் மட்டும்தான் கற்பனை. மூன்று ஆண்கள் படகில் போகும் கதையை எழுத உட்கார்ந்தவருக்கு, ஒரு சின்ன நாய் இல்லாமல் அந்தப் படகு நிறையவில்லை என்று தோன்றியிருக்கிறது. வாசகர்களுக்கும் அப்படியே. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்த நாவலைப் படித்தவர்கள் மோன்ட்மரன்சியை மறப்பதில்லை.

பனிக்கடலுக்குப் போன இக்லூ

கற்பனையை விஞ்சிய நிஜ நாய்களும் உண்டு. 1926-ல் வாஷிங்டன் நகரத் தெருவில் அநாதையாகத் திரிந்த ஒரு ஃபாக்ஸ் டெரியரை, ஒரு பெண்மணி எடுத்து வந்து ரிச்சர்ட் பேர்ட் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியிடம் கொடுத்தார். பேர்ட் அப்போது வட துருவப் பகுதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாய்க்கு 'இக்லூ' என்று பெயர் வைக்கப்பட்டது. துருவப் பகுதிக்குப் போகிற நாய்க்குப் பனிவீட்டின் பெயர்!

வடக்கே போய்வந்த இக்லூ, 1928-ல் பேர்டின் அன்டார்க்டிகா பயணத்திலும் கப்பல் ஏறியது. அங்கே வண்டி இழுக்க வந்திருந்த நாய்கள் பருத்த உடம்பும் அடர்ந்த முடியும் கொண்டவை. இக்லூவுக்கோ குட்டை முடி. அதனால் அதற்குத் தனியாக உடையும் காலுறைகளும் தைத்துக் கொடுத்தார்கள். நாயை அழைத்துப் போனவர், அதற்குக் குளிரும் என்பதையும் யோசித்திருக்கிறார்.

1931-ல் இக்லூ இறந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள டெட்ஹாம் என்ற ஊரின் செல்லப் பிராணிகள் கல்லறையில் அது புதைக்கப்பட்டிருக்கிறது. மேலே நிற்பது பனிப்பாறை வடிவத்தில் செதுக்கிய கல்.

குண்டு மழையில் ஸ்மோக்கி

உருவத்தில் இன்னும் சின்னது ஸ்மோக்கி. யார்க்ஷயர் டெரியர். எடை இரண்டு கிலோகூட இல்லை, உயரம் ஒரு சாண். இரண்டாம் உலகப் போர் நடந்த 1944-ல் நியூ கினி காட்டில் ஒரு பதுங்கு குழிக்குள் கிடைத்தது. பில் வின் என்ற அமெரிக்க வீரர் இரண்டு ஆஸ்திரேலிய பவுண்டு கொடுத்து அதை இன்னொரு வீரரிடமிருந்து வாங்கினார். அதன்பிறகு அவருடைய கூடாரத்திலேயே தூக்கம், அவருடைய சாப்பாட்டிலேயே பங்கு.

பிலிப்பைன்ஸுக்குப் படைகளை ஏற்றிப்போன கப்பல் ஒன்றில், குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் ஸ்மோக்கிதான் தன்னைக் குனிந்து பதுங்க வைத்து உயிர் காத்தது என்று வின் பிற்காலத்தில் எழுதினார். அதே பிலிப்பைன்ஸில், தொலைபேசிக் கம்பியை விமான ஓடுதளத்துக்கு அடியில் கொண்டுபோக வேண்டியிருந்தது. தோண்டினால் நாள் கணக்கில் ஆகும், ஓடுதளத்தில் வேலை செய்கிறவர்கள் எதிரி விமானங்களுக்கு இலக்காவார்கள். ஸ்மோக்கியின் கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டி, 70 அடி நீளக் குழாய்க்குள் அனுப்பினார்கள். மறுமுனையில் வின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மண் அடைத்திருந்த இருட்டுக் குழாய் வழியாக ஸ்மோக்கி அவரிடம் வந்து சேர்ந்தது.

போர் முடிந்தது. வீரர்கள் கப்பலில் ஊர் திரும்பினார்கள். நாயைக் கொண்டுபோக அனுமதி இல்லை. ஆக்சிஜன் முகமூடி வைக்கும் பைக்குள் ஒளித்து வைத்து வின் அதைக் கப்பலில் ஏற்றினார். சட்டப்படி சரியா என்றால், இல்லை. ஆனால் குழாய்க்கு மறுமுனையில் நின்று கூப்பிட்டவருக்கு, விட்டுவிட்டு வருவது முடியாத காரியமாக இருந்தது. 1957-ல் சாகும்வரை ஸ்மோக்கி அவர் குடும்பத்தோடுதான் வாழ்ந்தது.

இரண்டு துருவம் கண்ட போத்தி

1979 முதல் 1982 வரை, இரு துருவங்களின் வழியாகப் பூமியைச் சுற்றிவந்தது ஒரு பிரிட்டிஷ் குழு. தலைவர் ரனுல்ஃப் ஃபைன்ஸ். வானொலித் தொடர்பைக் கவனித்துக்கொண்டவர் அவர் மனைவி ஜின்னி. அவர்களோடு ஒரு ஜாக் ரஸ்ஸல் டெரியர், பெயர் போத்தி. 'பெஞ்சமின் போரிங்' என்ற கப்பலில் அன்டார்க்டிகா போய், அங்கே நீண்ட குளிர்கால இருட்டை அட்டையால் கட்டிய குடில்களில் அவர்களோடு கழித்தது. பிறகு விமானத்தில் தென் துருவத்துக்கும், 1982-ல் வட துருவத்துக்கும் போனது. இரண்டு துருவங்களிலும் கால் வைத்த முதல் நாய் போத்திதான்.

இந்தச் சாதனையை இன்னொரு நாய் செய்வது இனி நடக்காது. அன்டார்க்டிகாவுக்கு நாய்களைக் கொண்டு போவது சர்வதேச ஒப்பந்தப்படி தடை செய்யப்பட்டு, 1994-ல் கடைசி வண்டி நாய்களும் வெளியேற்றப்பட்டன. நாயிடமிருந்து அங்குள்ள சீல்களுக்கு நோய் தொற்றும் என்ற அச்சம் ஒரு காரணம். நாய்க்கு ஒரு சாகசம், சீலுக்கு ஓர் ஆபத்து. கூட்டிப்போகிறவர்தான் இதையும் யோசிக்க வேண்டும்.

ஏற்றுகிறவர் கவனிக்க வேண்டியவை

இன்று ஒரு சின்ன டெரியரைப் படகில் அழைத்துப் போகிறவர்களுக்கு அனுபவம் கற்றுக்கொடுத்த பாடங்கள் பல.

முதலாவது, லைஃப் ஜாக்கெட். எல்லா நாய்க்கும் நீச்சல் வரும் என்பது தவறான நம்பிக்கை. குட்டைக் கால் நாய் சீக்கிரமே களைத்துவிடும். நீந்தத் தெரிந்தாலும் வழவழப்பான படகின் பக்கச் சுவரில் ஏற முடியாது. முதுகில் கைப்பிடி வைத்த ஜாக்கெட் என்றால், குனிந்து ஒரே இழுப்பில் தூக்கிவிடலாம். சின்ன நாயின் பெரிய வசதியே அதுதான். பயணத்துக்கு முன்பே வீட்டில் சில நாட்கள் போட்டுப் பழக்க வேண்டும்.

இரண்டாவது, கயிறு. கட்டிவைப்பதாக இருந்தால் கழுத்துப் பட்டையில் கட்டவே கூடாது. தவறி வெளியே விழுந்தால் கழுத்தை இறுக்கிவிடும். மார்பைச் சுற்றிப் போடும் வாரில்தான் கட்ட வேண்டும். டெரியருக்குத் துரத்தும் புத்தி ரத்தத்தில் ஊறியது. வாத்தோ கடல்பறவையோ பக்கத்தில் போனால், நடுவில் தண்ணீர் இருப்பது அதற்கு நினைவிருக்காது. படகின் ஓரக் கம்பிகளில் வலை கட்டுவது இதற்காகத்தான்.

மூன்றாவது, வெயிலும் தண்ணீரும். மேல்தளம் சூடேறினால் பாதம் வெந்துவிடும். புறங்கையைத் தரையில் சில விநாடிகள் வைத்துப் பார்த்தால் தெரியும். கை தாங்காத சூட்டை நாயின் பாதமும் தாங்காது. நிழலும் நல்ல தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். தாகத்தில் கடல் நீரைக் குடித்தால் வாந்தி, பேதியில் ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான்காவது, யாரும் பேசத் தயங்கும் விஷயம். நல்ல பழக்கமுள்ள நாய் படகை அசுத்தம் செய்யாமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு தவிக்கும். ஒரு செயற்கைப் புல் விரிப்பை முதலில் வீட்டில் பழக்கி, பிறகு அதையே படகின் ஒரு மூலையில் போடுவார்கள்.

ஐந்தாவது, வயிறு. நாய்க்கும் கடல் மயக்கம் வரும். எச்சில் ஒழுகுவது, அடிக்கடி கொட்டாவி விடுவது, ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் இருப்பது எல்லாம் அறிகுறிகள். முதலில் கட்டிப்போட்ட படகில், பிறகு அமைதியான நீரில் அரை மணி நேரம் என்று பழக்கினால் பல நாய்கள் பழகிவிடும். பழகவே பழகாத நாயும் உண்டு. அதற்குப் படகு வேண்டாம். கரையில் நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவதும் அன்புதான்.

வேறு நாட்டுக்கரையில் இறங்குவதாக இருந்தால், வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் மைக்ரோசிப்பும் அந்நாட்டு விதிகளும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 2000-ம் ஆண்டுக்கு முன்பு, வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வந்த நாய்கள் ஆறு மாதம் தனிமைக் கூண்டில் இருக்க வேண்டியிருந்தது. உலகம் சுற்றியவர் கைதட்டல் வாங்க, கூடவே சுற்றிய நாய் கூண்டுக்குப் போகும்!

கடைசியாக, கால்கள். ஓடி ஆடிப் பிறந்த இனம் இது. தினமும் ஒருமுறையாவது கரையில் இறக்கி, மண்ணை முகர்ந்து, ஆசைதீர ஓடவிட வேண்டும். பெயரிலேயே மண்ணை வைத்திருக்கும் நாயை மண்ணே மிதிக்கவிடாமல் வைத்திருப்பது நியாயம் இல்லை.

மீண்டும் வாசலில்

மேரி ரோஸின் எஞ்சிய பாகம் 1982 அக்டோபர் 11 அன்று கடலிலிருந்து தூக்கப்பட்டது. 2010-ல் ஹேட்ச்சின் எலும்புக்கூடு, உலகப் புகழ்பெற்ற 'க்ரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சிக்குக் கொண்டு போகப்பட்டது. சீவிச் சிங்காரித்த ஆயிரக்கணக்கான நாய்கள் வந்த இடத்தில், கூட்டம் கூடி நின்று பார்த்த ஒன்று அது. இப்போது போர்ட்ஸ்மவுத்தில் உள்ள மேரி ரோஸ் அருங்காட்சியகத்தில், தான் ஓடியாடிய கப்பலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. காதைக் கொஞ்சம் தூக்கி, யாரோ கூப்பிட்டது போலத் தலையை நிமிர்த்தி நிற்பதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

இக்லூவுக்கு உடை தைத்தார்கள். ஸ்மோக்கியைக் குழாயின் மறுமுனையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஹேட்ச்சுக்கு அன்று அப்படி ஒரு குரல் கேட்க நேரமே இருக்கவில்லை. படகில் நாயை ஏற்றுகிறவர்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான். அலை எழும்போது, அது ஓடி வருவதற்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.